கசிவின் வரலாறு

இரவில் வீடு அடங்கிய பிறகு, கழிப்பறைத் தொட்டியிலிருந்து நீர் மெல்ல ஒழுகும் ஓசையைச் சில சமயம் நீங்கள் கேட்டிருக்கலாம். பகலின் இரைச்சலில் அந்த ஓசை காதில் விழுவதில்லை. விழுந்தாலும், "சிறு கசிவுதானே" என்று விட்டுவிடுகிறோம். அந்தச் சிறு கசிவைச் சற்றுக் கணக்கிட்டுப் பார்ப்போம். ஐந்து நிமிடத்திற்கு ஒரு லிட்டர் வீதம் நீர் ஒழுகினால், ஒரு மணி நேரத்தில் 12 லிட்டர். ஒரு நாளில் 288 லிட்டர். ஓர் ஆண்டில் 1,05,120 லிட்டர். ஐந்து பேர் கொண்ட ஒரு குடும்பம் குடிப்பதற்கும் சமைப்பதற்கும் நாள்தோறும் 25 லிட்டர் செலவிடுமானால், பதினோர் ஆண்டுகளுக்கும் மேலாக அக்குடும்பத்திற்குப் போதுமான நீர் அது. இவ்வளவு நீரையும் சாக்கடைக்கு அனுப்புவது எது? பெரும்பாலும், தேய்ந்துபோன ஒரு சிறு ரப்பர் வளையம்.

அந்த வளையத்திற்கும் ஒரு வரலாறு உண்டு. போர்களையும் பேரரசுகளையும் போல அது பாடப் புத்தகங்களில் இடம் பெறுவதில்லை. ஆயினும் மாநகரங்கள் நோயினின்று மீண்ட வரலாறும், குடிநீரைக் காத்த வரலாறும் அதனோடு பின்னிக் கிடக்கின்றன. அந்த வரலாற்றின் பெரும்பகுதி இங்கிலாந்தில் நடந்தது. அதனையே இங்கே காண்போம்.

இங்கிலாந்தின் அரசி முதலாம் எலிசபெத்துக்கு ஜான் ஹாரிங்டன் என்றொரு ஞானமகன் இருந்தார், கவிஞர், நையாண்டியில் வல்லவர். பாத் நகருக்கு அருகில் கெல்ஸ்டன் என்னும் ஊரில் இருந்த தம் மாளிகையில், நீர் பாய்ச்சித் தூய்மை செய்யும் கழிப்பறை ஒன்றை அவர் அமைத்தார். 1596ஆம் ஆண்டில் அதனை விளக்கி ஒரு நூலும் வெளியிட்டார். கோப்பையின் அடியில் ஒரு துளை; அத்துளையை மூடத் தோல் பொருத்திய ஒரு வால்வு; மேலே ஒரு நீர்த்தொட்டி. கைப்பிடியை இயக்கினால் நீர் பாயும், வால்வு திறக்கும், கழிவு கீழே இறங்கும். இன்றைய கழிப்பறையின் கருத்து முழுவதும் ஏறக்குறைய அதில் அடங்கியிருந்தது. அதன் குறையும் அதிலேயே அடங்கியிருந்தது. நீரைத் தாங்கி நிற்பது ஒரு தோல் துண்டு. நனைவதும் காய்வதும் மடங்குவதுமாகத் தொழில் செய்யும் தோல் நாளடைவில் சுருங்கும், வெடிக்கும். கழிப்பறை பிறந்த அன்றே தேயும் உறுப்பும் உடன்பிறந்தது எனலாம்.

வீடுதோறும் குழாய்நீர் வராத அந்தக் காலத்தில் ஹாரிங்டனின் அமைப்பு பரவவில்லை. ஏறத்தாழ நூற்றெண்பது ஆண்டுகள் சென்ற பின், 1775ஆம் ஆண்டில், அலெக்சாண்டர் கம்மிங் என்னும் ஸ்காட்லாந்துக் கடிகாரத் தொழிலாளர் ஒரு புதிய அமைப்புக்குக் காப்புரிமை பெற்றார். வெளியேறும் குழாயை வளைத்து, அவ்வளைவில் எப்போதும் சிறிது நீர் தேங்கி நிற்கும்படி அவர் செய்தார். கீழிருந்து மேலெழும் துர்நாற்றத்தை அந்த நீரே தடுத்தது. நீரைக் கொண்டு அடைத்தது எத்துணைச் சிறந்த யுக்தி என்று எண்ணிப் பாருங்கள்! தோல் தேயும்; உலோகம் துருப்பிடிக்கும்; நீரோ தேய்வதில்லை; ஒவ்வொரு முறையும் புதிதாகவே வந்து நிற்கிறது. இன்று உலகெங்கும் உள்ள கழிப்பறைகளில் அந்த வளைவு நிலைத்திருப்பதற்குக் காரணம் இதுவே.

ஆனால் கம்மிங் கோப்பையின் அடியில் ஒரு நகரும் தகட்டையும் வைத்திருந்தார். அத்தகைய தகடுகளில் அழுக்குப் படிந்தது; குளிர்காலத்தில் பனி உறைந்து அவை இறுகிப்போவதும் உண்டு. ஜோசப் பிராமா என்னும் தச்சர் கழிப்பறைகளைப் பொருத்தும் வேலையில் இருந்தவர்; இக்குறையைக் கையோடு கண்டறிந்தவர். நகரும் தகட்டுக்குப் பதிலாகக் கீலில் அசையும் மூடி ஒன்றை அமைத்து, 1778ஆம் ஆண்டில் அவர் காப்புரிமை பெற்றார். பிற்காலத்தில், 1795ஆம் ஆண்டில், நீரழுத்தத்தால் இயங்கும் பெரும்பொறியைக் கண்டவரும் இவரே. அப்பொறியிலும் முதலில் தலைவலியாக இருந்தது கசிவுதான். நீரின் அழுத்தமே தன்னை இறுக்கிக்கொள்ளும்படி அமைந்த கிண்ணம் போன்றதொரு தோல் வளையத்தால் அக்குறை தீர்ந்தது. அதனைக் கண்டவர் பிராமாவிடம் பணியாற்றிய ஹென்றி மாட்ஸ்லி என்பர். பெரிய இயந்திரத்தின் வலிமை ஒரு சிறிய தோலின் நலத்தைப் பொறுத்து நின்றது.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் நீர்க் கழிப்பறைகள் லண்டனில் பெருகின. 1851ஆம் ஆண்டின் பெரும் பொருட்காட்சியில் ஜார்ஜ் ஜென்னிங்ஸ் அமைத்த பொதுக் கழிப்பறைகளை, தலைக்கு ஒரு பென்னி கொடுத்து, 8,27,280 பேர் பயன்படுத்தினர் என்பது பதிவு. ஆனால் கழிவு போய்ச் சேர்ந்த இடம் தேம்ஸ் ஆறு. அந்த ஆற்றிலிருந்தே பலர் குடிநீரும் பெற்றனர். 1849ஆம் ஆண்டிலும் 1854ஆம் ஆண்டிலும் காலரா ஆயிரக்கணக்கானோரைக் கொண்டுசென்றது. 1858ஆம் ஆண்டின் கோடையில் ஆற்றின் நாற்றம் நாடாளுமன்றத்தையே திணற அடித்தது. பின்னரே ஜோசப் பசல்ஜெட் என்னும் பொறியாளர் நகரின் அடியில் பெருங்கால்வாய்களைக் கட்டிக் கழிவைக் கிழக்கே கொண்டுபோகும் வேலை தொடங்கியது. பெருங்கால்வாய்களைப் பற்றி நூல்கள் பல உண்டு. ஆனால் அக்கால்வாய்களின் மறுமுனையில், ஒவ்வொரு வீட்டிலும், வேறொரு சிக்கல் சொட்டுச் சொட்டாக வளர்ந்துகொண்டிருந்தது.

அக்காலத்தில் லண்டனுக்கு நீர் வழங்கியவை தனியார் நிறுவனங்கள். அவை நாள் முழுதும் நீர் விடவில்லை. குறித்த சில மணி நேரமே விட்டன. இருபத்துநான்கு மணி நேரமும் குழாயில் நீரை நிறுத்தினால், வீட்டுக் குழாய்களின் கசிவிலேயே அத்தனையும் வீணாகும் என்பது பலருடைய வாதம். இந்த வாதத்தை மறுத்துக் காட்டியவர் தாமஸ் ஹாக்ஸ்லி என்னும் பொறியாளர். 1831ஆம் ஆண்டில் நாட்டிங்காம் நகரில் அவர் அமைத்த நீர்நிலையம் இடையறாத நீரை உயர்ந்த அழுத்தத்தில் வழங்கியது. நல்ல குழாய்களும் நல்ல வேலையும் இருந்தால் கசிவை அடக்கலாம் என்பதை அவர் செயலில் மெய்ப்பித்தார்.

நல்ல குழாய் என்பது யாது? 1845ஆம் ஆண்டில் ராதர்ஹாம் நகரின் கெஸ்ட், கிரைம்ஸ் என்னும் பித்தளை வார்ப்பு நிறுவனத்தார் திருகி மூடும் குழாய்க்குக் காப்புரிமை பெற்றனர். அதற்கு முன் இருந்த குழாய்களில் ஒரு பித்தளை முளை மற்றொரு பித்தளைக் கூட்டினுள் உராய்ந்து சுழலும். தேய்ந்தால் முளையும் கூடும் சேர்ந்தே கெடும். திருகு குழாயிலோ, திருகின் முனையில் பொருத்திய ஒரு சிறு வாஷர் நீரின் வாயை அடைக்கிறது. உராய்வையும் அழுத்தத்தையும் அந்த வாஷர் ஏற்றுக்கொள்கிறது, பித்தளை தப்புகிறது. வாஷர் தேய்ந்தால் அதனை மட்டும் மாற்றினால் போதும்.

மாணவர்களே, இதில் அடங்கிய கருத்தைச் சற்று நின்று கவனியுங்கள். தேய்மானத்தை எந்தப் பொறியாலும் ஒழிக்க இயலாது. ஆனால் அது எந்த உறுப்பின்மேல் விழ வேண்டும் என்பதை மனிதன் முடிவு செய்யலாம். விலை மலிந்ததும், எளிதில் மாற்றத்தக்கதுமான ஓர் உறுப்பைத் தேய்வதற்கென்றே நியமித்துவிட்டால், மற்றவை நெடுங்காலம் நிற்கும். பழுது பார்த்தல் என்னும் தொழிலின் அடிப்படை இதுவே. கழிப்பறையின் வரலாறு கற்பித்த முதல் பாடம் இது.

இரண்டாம் பாடம் இதனினும் கடினமானது. தேய்ந்த உறுப்பை மாற்ற வேண்டுமானால், அது தேய்ந்தது என்பது முதலில் நமக்குத் தெரிய வேண்டும்.

1871ஆம் ஆண்டில் லண்டனில் இடையறாத நீர் வழங்குவதை வற்புறுத்தும் சட்டம் ஒன்று இயற்றப்பட்டது. அதன்கீழ் 1872ஆம் ஆண்டில் விதிகள் வந்தன. கழிப்பறைத் தொட்டி ஒவ்வொன்றும் வீண்செலவைத் தடுக்கும் அமைப்புடையதாக இருக்க வேண்டும். ஒரு முறைக்கு இரண்டு காலனுக்கு, அதாவது ஏறத்தாழ 9 லிட்டருக்கு, மேல் அது நீர் விடலாகாது என்று விதித்தனர். மற்றொரு விதி இன்னும் கூர்மையானது. தொட்டியில் மிகுந்த நீர் யாரும் காணாமல் சாக்கடைக்குள் ஓடும்படி குழாய் வைக்கலாகாது. கண்ணில் படும் இடத்தில் வந்து விழும் எச்சரிக்கைக் குழாயே வைக்க வேண்டும் என்றது அது. நீர் மட்டத்தைக் காக்கும் மிதவைப் பந்தின் வாஷர் தேய்ந்து தொட்டி நிரம்பி வழிந்தால், அந்த நீர் சுவருக்கு வெளியே கொட்டும். வீட்டுக்காரர் காணாவிடினும் தெருவில் போவோர் காண்பர். அண்டை வீட்டார் வந்து கதவைத் தட்டுவர். பழுதைத் தானே பறைசாற்றச் செய்த விதி அது.

அதே காலத்தில் லிவர்பூல் நகரில் ஜார்ஜ் டீக்கன் என்னும் பொறியாளர் வேறொரு வழி கண்டார். 1873ஆம் ஆண்டில் அவர் அமைத்த மானி, ஒரு பகுதிக்குள் ஓடும் நீரின் அளவை இரவும் பகலும் தாளில் கோடாக வரைந்தது. ஊர் உறங்கும் நள்ளிரவிலும் அக்கோடு தாழாமல் நின்றால், அந்த நீர் எவருக்கும் பயன்படாமல் எங்கோ கசிகிறது என்பது பொருள். உடனே ஆய்வாளர்கள் தெருத்தெருவாகச் சென்று, ஒவ்வொரு வீட்டுக்கும் போகும் குழாயின் அடைப்புத் திருகில் காதை வைத்து, உள்ளே நீர் ஓடும் ஓசை கேட்கிறதா என்று சோதித்தனர். மருத்துவர் நெஞ்சில் காது வைத்து நோய் அறிவதுபோல, அவர்கள் நகரின் நோயை அறிந்தனர்.

கழிப்பறைக் குழாயின் குறை நீரை வீணாக்குவதோடு நின்றிருந்தால், இத்தனை கவலைக்கு இடமிருந்திராது. அதே 1873ஆம் ஆண்டில் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் கீஸ் கல்லூரியில், புதிதாகக் கட்டிய விடுதிக் கட்டடத்தில் தங்கிய மாணவர்களிடையே குடற்காய்ச்சல் பரவியது. அரசாங்க மருத்துவ ஆய்வாளரான ஜார்ஜ் புக்கானன் நேரில் சென்று ஆராய்ந்தார். அக்கட்டடத்தின் கழிப்பறைகளுக்கு இடையில் தொட்டி எதுவும் இல்லாமல், குடிநீர்க் குழாயிலிருந்தே நேராக இணைப்புக் கொடுத்திருந்தனர். தெருக்குழாயில் நீர் நின்ற வேளையில், குழாயினுள் ஏற்பட்ட வெற்றிடம் கழிப்பறையின் மாசைக் குடிநீருக்குள் இழுத்துக்கொண்டது என்று அவர் முடிவு செய்தார். கட்டடம் புதியது, மாணவர்கள் இளைஞர்கள், ஆனால் குடிநீருக்கும் கழிவுக்கும் இடையே தக்க தடுப்பு இல்லை. வீட்டுக் கழிப்பறையின் மேல் ஒரு தனித் தொட்டி எதற்காக இருக்கிறது என்று யாரேனும் கேட்டால், இந்நிகழ்ச்சியைச் சொல்லலாம். அந்தத் தொட்டி நீரைச் சேமிப்பது மட்டுமன்று. குடிநீர்க் குழாய்க்கும் கோப்பைக்கும் இடையே காற்றாலான ஒரு வேலியையும் இடுகிறது.

தொட்டி வந்தது, ஆனால் தொட்டியின் அடியில் இருந்த வால்வு கசிந்தது. வால்வே இல்லாத தொட்டி ஒன்று வேண்டும் என்று கைவினைஞர் பலர் முயன்றனர். விடை சைபன் என்னும் வளைகுழாய். தொட்டியினுள் ஒரு குழாய் நீர்மட்டத்திற்கு மேலே எழுந்து, வளைந்து, கீழே இறங்குகிறது. சாதாரண வேளையில் நீர் அந்த வளைவைத் தாண்ட முடியாது. சங்கிலியை இழுத்தால், சிறிதளவு நீர் வளைவின் மேல் ஏறி மறுபுறம் விழுகிறது. விழும் நீர் பின்னால் உள்ள நீர் முழுவதையும் இழுத்துச் செல்கிறது. தொட்டி வற்றிக் காற்று புகுந்ததும் ஓட்டம் தானே நிற்கிறது. நீரைத் தடுத்து நிற்பது தோலுமன்று, ரப்பருமன்று, குழாயின் உயரமே. ஆகவே அவ்வழியே கசிவதற்கு இடமில்லை. பலர் திருத்தி வந்த இம்முறையில் ஆல்பர்ட் கிப்ளின் என்பவர் 1898ஆம் ஆண்டில் பெற்ற காப்புரிமை புகழ்பெற்றது. அதனைத் தாமஸ் கிராப்பர் என்னும் வணிகர் விற்றார். கழிப்பறையையே கண்டுபிடித்தவர் கிராப்பர் என்று பின்னாளில் ஒரு கதை பரவியது, அது உண்மையன்று. அவர் திறமை மிக்க வணிகர், சில திருத்தங்களுக்குக் காப்புரிமை பெற்றவர், அவ்வளவே.

நம் நாட்டின் பழைய அலுவலகங்களிலும் விடுதிகளிலும், தலைக்கு மேலே உயரத்தில் மாட்டிய இரும்புத் தொட்டியையும் அதிலிருந்து தொங்கும் சங்கிலியையும் கண்டிருப்பீர்கள். அதுவும் இம்மரபைச் சேர்ந்ததே. அதனுள் கனமான இரும்பு மணி ஒன்று நீரில் கவிழ்ந்திருக்கும். இழுத்தால் எழும், விட்டால் விழும், விழும் வேகத்தில் நீரை நடுக்குழாயின் மேல் தள்ளும். பேரோசை எழும், ஆனால் அடியில் தேய்ந்து கசிய ரப்பர் எதுவும் இல்லை. பிற்காலத்துச் சைபன்களில் மணிக்குப் பதிலாக ஒரு தட்டும், அதன்மேல் மெல்லிய இதழ் ஒன்றும் வந்தன. அந்த இதழ் கிழிவதுண்டு. கிழிந்தால் என்ன ஆகும்? கைப்பிடியை இரண்டு மூன்று முறை இழுத்தாலும் நீர் பாயாது. ஆனால் ஒரு சொட்டும் வீணாகாது.

இங்கேதான் இரண்டாம் பாடத்தின் உட்பொருள் இருக்கிறது. சைபன் கெட்டால் வேலை நிற்கிறது. வீட்டார் அன்றே ஆளை அழைக்கின்றனர். அடிவால்வு கெட்டாலோ வேலை நிற்பதில்லை. நீர் வழக்கம்போல் பாய்கிறது. கோப்பையின் பின்புறம் மெல்லிய நீர்க்கோடு மட்டும் ஓயாமல் இறங்குகிறது. அதனை யாரும் காண்பதில்லை. கண்டாலும் அவசரம் தோன்றுவதில்லை. முன்னதன் பழுது பயன்படுத்துவோரைத் துன்புறுத்துகிறது, ஆகவே திருத்தப்படுகிறது. பின்னதன் பழுது ஊருக்குப் பொதுவான ஏரியையும் ஆற்றையும் துன்புறுத்துகிறது, ஆகவே பொறுத்துக்கொள்ளப்படுகிறது.

பிரிட்டனில் நெடுங்காலம் நீர் விதிகள் சைபனையே வற்புறுத்தின. அமெரிக்காவில் ரப்பர் மூடியுடைய அடிவால்வே வழக்கம். தொட்டிக்குள் போடும் குளோரின் மாத்திரைகள் அந்த ரப்பரை அரித்து விரைவில் கெடுக்கும் என்பது அங்கே அனுபவத்தில் கண்டது. 1980ஆம் ஆண்டில் ஆஸ்திரேலியாவில் இரட்டைப் பொத்தான் தொட்டி அறிமுகமாயிற்று. தேவைக்கேற்ப அரை அளவோ முழு அளவோ நீர் விடும் இந்த அமைப்பு உலகெங்கும் பரவியது. நீரைச் சிக்கனப்படுத்தும் நோக்கத்துடன் பிரிட்டனும் தன் விதிகளை 1999ஆம் ஆண்டில் திருத்தியது. 2001ஆம் ஆண்டு சனவரி முதல் நாளிலிருந்து புதிய தொட்டிகள் ஒரு முறைக்கு 6 லிட்டருக்கு மேல் விடலாகாது. அதனுடன் அடிவால்வுக்கும் அனுமதி வந்தது. மிகுந்த நீரைச் சுவருக்கு வெளியே விடாமல் கோப்பைக்குள்ளேயே விடும் வழக்கமும் பரவியது. ஒவ்வொரு முறையும் சில லிட்டர் மிச்சமாயிற்று. ஆனால் வளையம் தேய்ந்த தொட்டிகளில் அந்த மிச்சம் இரவு முழுதும் ஓசையின்றி ஒழுகிப்போயிற்று. கசியும் கழிப்பறைகளைத் தேடித் திருத்துங்கள் என்று அந்நாட்டு நீர் நிறுவனங்கள் இன்று மக்களை வேண்டிக்கொள்கின்றன. 1872ஆம் ஆண்டின் விதி வெளியே கொண்டுவந்து நிறுத்திய பழுது, மீண்டும் உள்ளே போய் மறைந்துகொண்டது.

ஆகையால் சைபனுக்கே திரும்ப வேண்டும் என்பதன்று என் கருத்து. நம் வீடுகளிலும் இப்போது பெரும்பாலும் அடிவால்வுத் தொட்டிகளே உள்ளன. அவை ஓசை குறைந்தவை. நல்ல நிலையில் நீரை மிச்சப்படுத்துபவை. ஆனால் பழுது தானே பேசாத இடத்தில், நாம்தான் கேட்டறிய வேண்டும். அதற்குப் பெருங்கருவி வேண்டியதில்லை. இரவில், அனைவரும் படுத்த பின், தொட்டிக்குள் சிறிது வண்ணத்தைக் கரைத்து விடுங்கள். அரை மணி நேரம் யாரும் நீர் விடாதிருக்கட்டும். பிறகு கோப்பையைப் பாருங்கள். வண்ணம் அங்கே இறங்கியிருந்தால் வளையம் தேய்ந்துவிட்டது. டீக்கனின் ஆய்வாளர்கள் தெருவில் செய்த சோதனையை நீங்கள் வீட்டில் செய்துவிட்டீர்கள்.

பிறகு செய்ய வேண்டியதும் எளிது. தொட்டிக்கு வரும் நீரை அடைத்து, உள்ளே இருப்பதை வெளியேற்றி, வால்வைத் திருகிக் கழற்றினால் அதன் அடியில் வளையம் தெரியும். அது தடித்தோ, வெடித்தோ, உப்புப் படிந்தோ இருக்கும். வளையம் அமரும் இடத்தைத் துணியால் துடைத்துவிட்டு, அதே அளவுள்ள புதிய வளையத்தைப் பொருத்த வேண்டும். பழைய வளையத்தையே கடைக்கு எடுத்துச் சென்றால் அளவில் பிழை நேராது. நீர் மேற்குழாயின் வழியே வழிந்துகொண்டிருந்தால், குறை மிதவையின் வால்வில் இருக்கிறது. அங்கே மாற்ற வேண்டியது மற்றொரு சிறு வாஷர். இவற்றுக்காக முழுத் தொட்டியையும் பெயர்த்தெறிவது, செருப்பின் வார் அறுந்ததற்காகப் பயணத்தையே கைவிடுவது போன்றது.

பள்ளிக்கூடங்களில் தொட்டி பழுதான கழிப்பறை முதலில் அழுக்கடைகிறது, பிறகு பூட்டப்படுகிறது, பூட்டிய கதவின் முன் மாணவியர் படும் துன்பம் எந்தக் கணக்கிலும் ஏறுவதில்லை. நீர் பாயாத இடத்தில் கழிவை அகற்றும் இழிவு மீண்டும் ஒரு மனிதன் தலையில் ஏற்றப்படுகிறது. மனிதர் கையால் மலம் அள்ளுவதை நம் நாடு 1993ஆம் ஆண்டிலும், மேலும் விரிவாக 2013ஆம் ஆண்டிலும் சட்டத்தால் தடுத்தது. சட்டம் இயற்றுவது ஒரு நாள் வேலை. அச்சட்டத்திற்கு உயிர் கொடுப்பது நாள்தோறும் ஓடும் நீர். அந்த நீரைக் காத்து நிற்பது ஒரு சிறு வளையம்.

ஹாரிங்டனின் தோல் துண்டு முதல் இன்றைய ரப்பர் வளையம் வரை நானூறு ஆண்டுகளுக்கு மேல் கடந்துவிட்டன. தேயாத பொருளை மனிதன் இன்னும் கண்டுபிடிக்கவில்லை. ஆனால் தேய்ந்ததை அறியவும், அறிந்ததை உடனே மாற்றவும் கற்றுக்கொண்டான். கால்வாய் கட்டியவர்களின் பெயர்கள் கல்லில் நிற்கின்றன; வளையம் மாற்றியவர்களின் பெயர்கள் எங்கும் இல்லை. ஆயினும் முன்னவர் கட்டியது இன்றும் பயன் தருவது பின்னவரின் கைகளால்தான். இன்றிரவு விளக்கை அணைத்த பிறகு, ஒரு நிமிடம் காது கொடுத்துக் கேளுங்கள்.